பாதை வருகுது

அக்கா,

போன சனிக்கிழமை ஊர்காவற்றுறைத் துறையில் காத்து நின்றேன். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு மனிசி, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்துவிட்டு, "அங்கை, பாதை வருகுது" என்றார். என்னோடு தம்பியின் மனைவி நின்றாள். மட்டக்களப்புப் பிள்ளை, கல்யாணமாகி முதல் தரம் காரைநகருக்கு வருகிறாள். "பாதை எப்பிடி வரும் மச்சாள்? நாமதானே பாதையால வாற?" என்று அவள் கேட்க, துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர், ஆட்களையும் சைக்கிள்களையும் சில வேளை ஒரு காரையும் ஏற்றிக்கொண்டு அது அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் என்று யாரோ அவளுக்கு விளக்கிச் சொன்னார்கள்.

நான் சிரிக்கவில்லை. கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடந்த சாதாளைக் கடற்பாசியின் மணமும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏற, பல வருடங்களுக்கு முந்திய ஒரு மண்டபத்தின் சிரிப்பு என் காதில் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் தங்கச்சி என் கையில் தந்த நான்கு கொப்பிகளையும் எடுத்தேன். ஒரு வருடமாக அவற்றை நான் விரித்ததில்லை. பயம்தான் காரணம். எதற்குப் பயம் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. சொல்லாமல் விட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

அந்தத் துறை இருக்கும் அதே தீவில், நாரந்தனைப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க நான் வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. நீங்கள் அந்தப் பகுதிக்கு மருத்துவமாது. அரசாங்கம் தந்த உங்கள் குவாட்டர்ஸில் ஓர் அறை எனக்குக் கிடைத்தது. ஊரெல்லாம் உங்களை மிட்வைவ் அக்கா என்றது. வந்த முதற்கிழமையே நீங்கள் வருவதை நான் சத்தத்தால் அறிந்துகொண்டேன். டிக், டிக், டிக் என்று ஒரே அளவாகச் சத்தம் போட்டுக்கொண்டு உங்கள் சைக்கிள் சந்தியில் திரும்பும்.

"அக்கா, உங்கடை சைக்கிளிலை என்னவோ முட்டுது" என்று ஒரு நாள் அக்கறையாகச் சொன்னேன்.

"முட்டத்தான் வேணும் ரீச்சர். ஒரு சுத்துக்கு ஒருக்கால்" என்றீர்கள்.

முன்சில்லின் கம்பியில் ஒரு பனையோலைத் துண்டைக் கட்டியிருந்தீர்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் ஓலை ஒரு தரம் தட்டும். ஒரு சுற்று ஏழு அடி நாலு அங்குலம். நூறு தட்டுக்கு ஒரு புளியங்கொட்டையை இடப்பக்கப் பையிலிருந்து வலப்பக்கப் பைக்கு மாற்றுவீர்கள். இப்படி எண்ணி எண்ணியே தீவின் தெருக்கள் எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றியிருந்தீர்கள். எந்த ஒழுங்கை எங்கே வளைகிறது, மாரியில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வாய்க்கால் மதவடியில் மாடுகள் தெருவை விட்டு இறங்குகின்றன, எந்த வேலியோரம் பெண்கள் மறுபக்கத்துக்கு மாறி நடக்கிறார்கள் என்று எல்லாம் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது மட்டும் எண்ணமாட்டீர்கள். "போகேக்கை மனம் தாயிட்டைப் போயிடும். திரும்பி வரேக்கைதான் தெரு என்ரை" என்பீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "சும்மா. பாக்க ஆசை" என்றீர்கள். அந்தப் பதிலை நான் அவ்வளவு மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டதாரி. என் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இரண்டு படிகள் தொலைந்த ஒரு தராசும், மூடி உடைந்த அமிலப் போத்தல்களும், பாதி ஒடிந்த ஒரு காந்தமும் இருந்தன. அவ்வளவையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானம் என்பது என் வீட்டுச் சொத்துப்போல நடந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று கேட்டீர்கள்.

"ரீச்சர், நீர் ஒளிக்காமல் சொல்லும். நான் செய்யிறது சயன்ஸோ, இல்லையோ?"

"நல்ல பொழுதுபோக்கு அக்கா" என்றேன்.

"அதை நான் கேக்கேல்லை."

"சயன்ஸ் எண்டால் கருவி வேணும், ஆய்வுகூடம் வேணும், அதுக்கெண்டு படிச்சிருக்கவேணும்."

"அப்ப வானத்தைப் பாக்கிறவை? அவைக்கும் அங்கை போய்த் தொட்டுப் பாக்க ஏலாது. தூரத்திலை நிண்டு பாத்து எழுதுகினம். நான் கிட்ட நிண்டு பாத்து எழுதுறன். இதிலை எது குறைச்சல்?"

"அவை பட்டம் எடுத்தவை அக்கா."

"ஏன், விடிவெள்ளி அவையின்ரை பட்டத்தைப் பாத்தே உதிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் சொன்னதுதான் இத்தனை காலமும் என்னைத் துரத்துகிறது.

"பொழுதுபோக்கெண்டால் ஆளோடை போயிடும் ரீச்சர். சயன்ஸ் எண்டால் எனக்குப் பிறகு ஆரோ ஒராள் நான் விட்ட இடத்திலை இருந்து தொடங்கும். எனக்குப் பேர் வேண்டாம். அதுக்கு ஒரு பேர் வேணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீங்கள் பாராட்டுக் கேட்கவில்லை என்று. நான் கொஞ்சம் யோசித்து, பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்ததை உங்களுக்குச் சொன்னேன். பார்த்ததை எழுதினால் மட்டும் போதாது. இனி என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். சொன்னது பொய்த்துப்போனால், பொய்த்தது என்று ஒளிக்காமல் எழுதவேண்டும். அந்த இரண்டும் இருந்தால் விஞ்ஞானம்.

நீங்கள் எழுந்து கையைக் கழுவினீர்கள். என் மேசையில் பிள்ளைகளின் கொப்பி திருத்த வைத்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தீர்கள். அடிமட்டம் வைத்து, உங்கள் கொப்பியில் திகதி, இடம், கண்டது, காரணம் என்றிருந்த நாலு கட்டங்களுக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறினீர்கள். அதன் தலையில் 'சரியோ, பிழைச்சதோ' என்று எழுதினீர்கள். சிவப்புப் பென்சிலை நீங்கள் பிறகு திருப்பித் தரவில்லை.

தரவை ஞாபகம் வருகிறது. ஊர் முடிந்து கடல் தொடங்குவதற்கு முன்னால், புல் மட்டும் முளைத்து வெறுவெளியாகக் கிடக்கும் அந்த நிலம். மாரியில் அது முழங்காலளவு தண்ணீராகிவிடும். அதற்குக் குறுக்கே போகும் ஒற்றையடித் தடம் தடயமில்லாமல் அழிந்துபோகும். மாசியில் நிலம் காய, சனம் மறுபடி நடக்க, தடம் மறுபடி விழும். மூன்று வருடமாகப் பார்த்திருந்தீர்கள். மூன்று வருடமும் ஒரே இடத்திலேயே விழுந்தது. என் நிபந்தனைப்படி நாலாவது வருடத்துக்கு முன்கூட்டிச் சொன்னீர்கள். தண்ணீர் வற்றியதும் வற்றாததுமாக, சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், தடம் இதால்தான் வரும் என்று பனைமட்டைகளை வரிசையாக நட்டீர்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.

மாசியில் போய்ப் பார்த்தோம். தடம் உங்கள் மட்டைகளைத் தொடவே இல்லை. அறுபது காலடிக்கு அப்பால், வெள்ளைக் கோடு கீறினதுபோல, ஏற்கெனவே மினுக்கம் பிடித்துக் கிடந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது, அக்கா. அதையும் எழுதத்தான் வேண்டும். "பாத்தீங்களே" என்றேன். நீங்கள் கொப்பியை எடுத்து, நின்ற இடத்திலேயே, ஐந்தாவது கட்டத்தில் 'பிழைச்சது' என்று சிவப்பில் எழுதினீர்கள். நிமிர்ந்தபோது உங்கள் முகம் கலியாண வீட்டு முகமாயிருந்தது.

"பிழைச்சால்தான் ரீச்சர் உள்ளுக்கை ஏதோ கிடக்கு" என்றீர்கள்.

அந்த நேரம் தரவையின் அக்கரையிலிருந்து ஒருவர் தலையில் ஓலைக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். "ஏன் அண்ணை இதாலை வாறியள்?" என்று கேட்டீர்கள்.

"வேறை எதாலை வாறது? இதுதானே தெரு."

"போன வருசம் அங்காலையெல்லோ கிடந்தது?"

அவர் உங்களையும் மட்டைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "சும்மா விசர்க்கதை கதையாதை பிள்ளை. எனக்கு அறிவறிஞ்ச காலம் தொட்டு இதாலைதான் போறம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு ஆறேழு பேரைக் கேட்டீர்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு ஊர் முழுதும் தன் வழியை மாற்றியிருந்தது. மாற்றினது ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு இன்னும் ஆறவில்லை. நான் காகிதத்தில் இரும்புத்தூளைத் தூவி, அடியில் காந்தத்தைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். தூள் தானாக வளைந்து கோடு கோடாக நிற்கும். அதைக் கண்டு வாய் பிளக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பெருமைப்படுவேன். இங்கே ஆட்களே தூளாகி நின்றார்கள். அந்தப் பென்னாம்பெரிய தரவையில் எந்தக் காந்தம் அவர்களை இழுக்கிறது என்று நீங்கள் ஒருத்தி மட்டும் தேடிக்கொண்டு நின்றீர்கள்.

இரண்டு கிழமையில் கண்டுபிடித்தீர்கள். முன்பு அக்கரையில் ஒரு தனிப்பனை நின்றது. தரவையில் இறங்கினவர்கள் தங்களுக்குத் தெரியாமலே அதன் வட்டுத் தலையைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அந்த மாரியின் காற்றில் பனை தலையிழந்துபோனது. அதே நேரம் பக்கத்தில் யாரோ மதில் கட்டி வெள்ளை அடித்திருந்தார்கள். இப்போது எல்லாருடைய கண்ணும் வெள்ளை மதிலில் விழ, கால் கண்ணுக்குப் பின்னால் போயிற்று. "சனம் போற இடத்தைப் பாத்து நடக்கிறேல்லை ரீச்சர். தெரியிற இடத்தைப் பாத்துத்தான் நடக்குது" என்றீர்கள். பிறகு, "அந்த மதிலை மறைச்சால் தெரு இன்னொருக்கால் திரும்பும்" என்று கொப்பியில் எழுதி, ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டீர்கள். அடுத்த வருடம் மதிலுக்கு வெளியே வீட்டுக்காரர் பூவரசு நட்டுக் கிடுகு வேலியும் அடைத்தார். உங்களுக்காக அவர் அடைக்கவில்லை; மாட்டுக்குப் பயந்து அடைத்தார். அந்த மாசியில் தடம் திரும்பியிருந்தது. வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் 'சரி' என்று எழுதினீர்கள். மூன்றெழுத்து அளவுகூட இல்லாத சொல். அதை எழுத ஒரு வருடம் காத்திருந்தீர்கள்.

அன்றைக்குத்தான் நான் உங்களுக்கு வாக்குத் தந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் கூடி விஞ்ஞானக் கட்டுரை வாசிக்கும் ஒரு சங்கம் இருந்தது. நானும் அதில் அங்கத்தவர். நல்லதென்று கண்டதை வருட மலரில் அச்சிடுவார்கள். மலரில் வந்தால் யாரும் எடுத்துப் படிக்கலாம், தொடரலாம். வாசிப்பது இங்கிலீசில். உங்களுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. "நீங்கள் எழுதினதை நான் மாத்தி வாசிக்கிறன் அக்கா" என்றேன். நீங்கள் நான்கு கொப்பிகளையும் ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றித் தந்தீர்கள்.

நாலாவது கொப்பியில்தான் உங்கள் பெரிய துணிச்சல் இருந்தது. மிதவையும் ஒரு தெரு என்று எழுதியிருந்தீர்கள். "மற்றத் தெருவிலை தெரு நிக்கும், நாங்கள் அசைவம். பாதையிலை நாங்கள் நிப்பம், தெரு அசையும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிக் காட்டினீர்கள். அது வரும் நேரமும் போகும் நேரமும் தீவின் மற்றத் தெருக்கள் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கிறது என்று கண்டிருந்தீர்கள். ஒரு நாள் காலை நாரந்தனைச் சந்தியில் என்னை நிறுத்தி வைத்து, கடல் கண்ணுக்கே தெரியாத அந்த இடத்தில், "இப்ப பாதை அக்கரையிலை இருந்து வெளிக்கிட்டிட்டுது" என்றீர்கள். தெருவில் ஆட்கள் நடக்கும் வேகத்தைப் பார்த்தே சொன்னீர்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு துறைக்குப் போய்ப் பார்த்தேன். பாதை நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது. கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் நாட்களில் அது தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குத் தக்கபடி தெருவும் மெதுவாகும். கைநாடி பிடித்துப் பழகின உங்களுக்குத்தான் தெருவிலும் நாடி பிடிக்க வந்திருக்கும்.

அந்தப் பகுதியை நான் எங்கே இருந்து இங்கிலீசில் மாற்றினேன் தெரியுமா? பாதையில் இருந்துதான். சனிக்கிழமை ஊருக்குப் போகையில், மடியில் உங்கள் கொப்பியை வைத்துக்கொண்டு, காலடியில் கடல் சலசலக்க எழுதினேன். ஒற்றையடிப் பாதை என்று நீங்கள் எழுதிய இடங்களில் எல்லாம் 'பாத்' என்று போட்டுக்கொண்டு வந்தேன். பாதை, பாத், காதுக்கு என்ன இலேசு. மிதவையைப் பற்றிய பகுதி வந்தபோதும் கை நிற்கவில்லை. காரைநகரில் பிறந்த எனக்குப் பாதை என்றால் தொட்டிலில் இருந்தே மிதவைதான். அதனால் அந்த இங்கிலீசுச் சொல்லும் எனக்கு மிதவையாகவே தெரிந்தது. அது நிலத்தில் கிடக்கும் தடத்தை மட்டும்தான் சொல்லும், மிதக்கிற எதையும் சொல்லாது என்று எனக்குப் படவே இல்லை. நான் எதன் மேல் இருந்துகொண்டு எழுதினேனோ அதன் பெயரிலேயே பிழை விட்டேன்.

கூட்டத்தன்று நீங்கள் கஞ்சி போட்டு மினுக்கின வெள்ளைச் சேலையில் வந்தீர்கள். முன்வரிசை வாங்குப் பலகையில் இருந்தீர்கள். மடியில் நான் திருப்பித் தந்த நாலாவது கொப்பி. தரவைப் பகுதியை நான் வாசித்தபோது மண்டபம் அமைதியாகக் கேட்டது. ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார். பிறகு நான் வாசித்தேன்: காலை ஆறு மணிக்கு ஒற்றையடித் தடம் புறப்படுகிறது. அப்படித்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. கச்சான் காற்றில் தடம் கால் மணித்தியாலம் தாமதமாகிறது. இப்போது பல பேர். சில நாட்களில் தடம் ஒரு காரையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

மூன்றாவது சிரிப்பில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, "மன்னிக்கவேண்டும், இது மிதவை, பிழை என்னுடையது" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். மண்டபத்தில் பாதிப்பேருக்குப் பாதை என்றால் என்னவென்று தெரியும். தமிழில் ஒரு சொல் சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே அடங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. கட்டுரை வாசித்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். என் இங்கிலீசைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவர்கள் ஒரு மருத்துவமாதின் பைத்தியக்காரக் கொப்பியைப் பார்த்துச் சிரித்தது எனக்கு வசதியாயிருந்தது. இன்னும் இரண்டு இடத்தில் அந்தச் சொல் வந்தது. இரண்டு இடத்திலும் வாசித்தேன்.

தலைமை தாங்கியவர் எழுந்து, மனதுக்கு இதமான பொழுதுபோக்கு, அன்றைய கூட்டத்துக்கு நல்லதொரு இளைப்பாறல் என்று சொல்லி அடுத்தவரை அழைத்தார். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பஸ் பண்ணைத் தாம்போதியில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் வந்தபோது கேட்டீர்கள்.

"ஏன் ரீச்சர் சிரிச்சவை?"

"சந்தோசத்திலை சிரிச்சவை அக்கா."

கொப்பியை மடியில் நிமிர்த்தி வைத்தீர்கள்.

"அப்ப, சயன்ஸ் எண்டு சொன்னவையோ?"

"யோசிச்சுக் கடிதம் போடுவினம்."

அந்த மாரி முழுவதும் தபாற்காரரைப் படலையடியில் நிறுத்திக் கேட்டீர்கள். மாசியில் கேட்பதை விட்டுவிட்டீர்கள். ஒரு நாள் சிகிச்சை நிலையத்தில் காத்திருந்த தாய்மாருக்கு நீங்கள் சொல்வது யன்னலால் எனக்குக் கேட்டது: "ரீச்சர் வாசிக்க, படிச்ச ஆக்களெல்லாம் சந்தோசத்திலை சிரிச்சவையாம்." குற்றவுணர்ச்சியில் யன்னலைச் சாத்தினேன். ஆனால் அந்தச் சொல்லின் வாலில் நீங்கள் வைத்த 'ஆம்' என் காதில் விழவில்லை. அந்த மண்டபத்தில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். பார்த்த ஒன்றுக்கு யார் 'ஆம்' போடுவார்கள்?

அடுத்த வருடம் எனக்கு மாற்றம் வந்தது. நீங்கள் ஓய்வு பெற்று இறுப்பிட்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனீர்கள். நான் வந்து பார்த்தது இரண்டு தரம்தான். கடைசித் தரம், முழங்கால் மடக்க ஏலாமல், படலைக்கு நேரே கதிரை போட்டு இருந்தீர்கள். மடியில் ஒரு சட்டித் தண்ணீர், கையில் புளியங்கொட்டை. "இப்ப நான் தெருவுக்குப் போறேல்லை ரீச்சர். தெரு என்னட்டை வருகுது" என்று சிரித்தீர்கள். ஒழுங்கையால் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டையைச் சட்டிக்குள் போட்டீர்கள். நான் எழும்பும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல, "அந்த ஆக்கள் பேந்து ஒண்டும் எழுதேல்லையோ?" என்றீர்கள்.

"அந்தச் சங்கமே இப்ப இல்லை அக்கா" என்றேன். அது உண்மை. உண்மையான ஒன்றைச் சொல்லித் தப்புவது எனக்குக் கைவந்த கலையாகியிருந்தது.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நாலாவது கொப்பியை விரித்தேன். பக்கம் பக்கமாக உங்கள் எழுத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன், 'சரி'யைவிடப் 'பிழைச்சது' கூட. எந்தப் புத்தகத்திலும் நான் அப்படி ஒரு பக்கத்தைக் கண்டதில்லை. தான் பிழைத்த இடங்களை இத்தனை வருடம், இத்தனை வடிவான எழுத்தில், ஒன்றுகூட ஒளிக்காமல் எழுதி வைத்த ஒரு மனிசியின் பக்கத்து அறையில் நான் நாலு வருடம் படுத்து எழும்பியிருக்கிறேன். கை கூப்பவேண்டும்போல இருந்தது, அக்கா. கூப்பினேன்.

பிறகு அந்தத் திகதி வந்தது.

இடம்: யாழ்ப்பாணம், கூட்ட மண்டபம்.

கண்டது: ரீச்சர் வாசிக்க ஐந்து தரம் சிரித்தார்கள். ஐந்து தரமும் 'பாத்' என்று ரீச்சர் சொன்ன பிறகு. முன்னுக்குத் தரவையைப் பற்றி வாசிக்கும்போதும் 'பாத்' வந்தது. அப்போது சிரிப்பு இல்லை. மூன்றாம் தரத்துக்குப் பிறகு ரீச்சரின் குரல் மாறினது.

காரணம்: சந்தோசம். ரீச்சர் சொன்னது.

ஐந்தாவது கட்டம் வெறுமை.

மற்ற எந்த வரியிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இல்லை. முதலில் இருந்து கடைசிவரை மூன்று தரம் புரட்டிப் பார்த்தேன். அந்த ஒன்று மட்டும்தான். நீங்கள் என்னை நம்பினீர்களா, சந்தேகப்பட்டீர்களா, எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டையும் எழுதவில்லை. உங்களிடம் சாட்சி போதவில்லை, அதனால் எழுதவில்லை. கடிதம் வந்ததோ என்று தபாற்காரரிடம் கேட்டதும், இறுப்பிட்டியில் என்னிடம் கேட்டதும், அந்தக் கட்டத்தை நிரப்பத்தான். நான் வந்து நிரப்புவேன் என்று பதினாறு வருடம் இடம் விட்டு வைத்திருந்தீர்கள்.

விஞ்ஞானத்துக்கு இரண்டு நிபந்தனை என்று குசினியில் நின்று உங்களுக்குப் படிப்பித்தவள் நான். முன்கூட்டிச் சொல்லவேண்டும், பிழைத்தால் பிழைத்தது என்று எழுதவேண்டும். அந்த மண்டபத்தில் இரண்டையும் செய்யக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் முன்வரிசை வாங்கில், மடியில் கொப்பியோடு இருந்தார்.

கொப்பிகள் சுற்றியிருந்த அதே வெள்ளைத் துவாய்க்குள்ளேயே சிவப்புப் பென்சிலும் இருந்தது. தீக்குச்சியளவுக்குத் தேய்ந்திருந்தது. என்னுடையதுதானே, எடுத்தேன். சந்தோசம் என்ற சொல்லுக்கு எதிரே, வெறுமையாகக் கிடந்த கட்டத்தில், 'பிழைச்சது' என்று எழுதினேன். கீழே காரணத்தையும் எழுதினேன்: மிதவைக்குத் தடம் என்று மொழிபெயர்த்தது நான். தெரிந்தும் திருத்தாமல் விட்டது நான். அக்காவின் கண்டுபிடிப்பில் பிழை இல்லை. என் கையெழுத்தை வைத்தேன்.

கட்டுரையை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன், இந்த முறை தமிழில். எங்கே அச்சாகும் என்று தெரியாது. என் சைக்கிளின் முன்சில்லில் ஓர் ஓலைத் துண்டு கட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், "ரீச்சர், சைக்கிளிலை என்னவோ முட்டுது" என்கிறார்கள். முட்டத்தான் வேணும் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் தரவைக்குப் போனேன். பூவரசு மரமாகிவிட்டது, மதில் இடிந்துபோய்விட்டது. அக்கரையில் புதிதாக ஒரு தண்ணீர்த் தாங்கி எழும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து நாலாவது கொப்பியில், உங்கள் கடைசி வரிக்குக் கீழே, என் முதல் வரியை எழுதினேன். வரும் மாசியில் தடம் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து விழும் என்று எழுதி, ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்கள்
ரீச்சர்